ரோபோ ஆபரேஷனும் உப்பளத்து இடுப்பு வலியும்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி எடுத்தது. திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் வேற ஒரு விஷயம் பேசறதாத்தான் இருந்தது. ஆனா போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. பேரு வேண்டாம். மரக்காணம் பக்கம் உப்பளத்துல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவரோட பொண்ணு. "அண்ணா, அப்பாவுக்கு புராஸ்டேட்ல கட்டின்னு சொல்லிட்டாங்க. பி.எஸ்.ஏ. ரொம்ப ஏறியிருக்காம். ரோபோ ஆபரேஷன் பண்ணா முழுசா சரியாயிடும்னு வீடியோவுல பாத்தோம். மெட்ராஸ்ல எங்க பண்ணுவாங்க, எவ்வளவு ஆகும்? நகை இருக்கு, வச்சிடலாம்."

நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எலும்பு ஸ்கேன் எடுத்தாங்களாம்மா?

எடுத்திருந்தாங்க. முதுகுத்தண்டுலயும் இடுப்பெலும்புலயும் பரவியிருந்தது. அப்படின்னா அந்த நகையை ரோபோவுக்காக வைக்க வேண்டிய அவசியமே இல்ல. ஏன்னு சொல்லத்தான் இந்த எபிசோடு. நான் டாக்டர் இல்ல, கேட்டுட்டு இருக்கறவங்களுக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரன். இந்தக் கடற்கரையில ஆம்பளைங்க எந்த வலிக்கு எந்த மாத்திரை கேட்டு வர்றாங்கன்னு தினமும் பாக்கற இடத்துல இருக்கேன். அந்த இடத்துல இருந்துதான் பேசறேன்.

ரோபோவுல இருந்தே ஆரம்பிக்கலாம். ஏன்னா அந்தக் கதையில நம்ம ஊர் பக்கம் ஒரு தொடர்பு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது.

உலகத்துல புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரோபோ ஆபரேஷனை ஒரு வழக்கமான சிகிச்சையா மாத்தினவங்க யாருன்னு கேட்டா, முதல்ல சொல்ற பேரு டாக்டர் மணி மேனன். 1948-ல திருச்சூர்ல பிறந்தவர். எம்.பி.பி.எஸ். படிச்சது எங்க தெரியுமா? ஜிப்மர்ல. இங்க இருந்து ஈ.சி.ஆர். பஸ் ஏறி பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டுல இறங்கி, கோரிமேட்டுக்கு டவுன் பஸ் மாறிப் போறோமே, அதே ஜிப்மர். நமக்கும் அதுக்கும் முப்பத்தஞ்சு, நாப்பது கிலோமீட்டர் இருக்குமா? பிரெஞ்சுக்காரங்க 1823-ல தொடங்கின மருத்துவப் பள்ளியோட வழியில வந்த காலேஜ் அது. 1964-லதான் ஜிப்மர்னு ஆச்சு. மேனன் படிச்சது அந்த ஆரம்ப காலத்துல.

அங்க இருந்து அமெரிக்கா போனார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல பிராடி இன்ஸ்டிட்யூட்டுன்னு சிறுநீரியலுக்குப் பேர்போன இடம். அங்கதான் பயிற்சி. அவருக்கு அங்க குருவா இருந்தவர் பேட்ரிக் வால்ஷ். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, இவர் இல்லாம ரோபோ கதை கிடையாது. பயிற்சிக் காலத்துலயே மேனன், வால்ஷோட சேர்ந்து, ஆண் ஹார்மோன் உடம்புத் திசுக்கள்ல எப்படி ஒட்டிக்குதுன்னு அளக்கற ஆராய்ச்சி பண்ணி 1978-ல கட்டுரை வெளியிட்டிருக்கார். கத்தி பிடிக்கறவர் ஹார்மோன்ல ஆரம்பிச்சிருக்கார்ங்கறது எனக்குப் பிடிச்ச விஷயம். நம்ம உப்பளத்துப் பெரியவருக்கு உதவப் போறதும் அந்த ஹார்மோன் பக்கம்தான். அதுக்கு அப்புறம் வரேன்.

வால்ஷ் என்ன பண்ணார்னா, 1980 வரைக்கும் புராஸ்டேட்டை எடுக்கற ஆபரேஷன்னாலே பயம். ரத்தம் ஆறா ஓடும். பொழைச்சு வந்தாலும் தாம்பத்தியம் போயிடும், பல பேருக்கு சிறுநீர் அடக்க முடியாது. ஏன் அப்படி ஆகுதுன்னு யாருக்கும் சரியாத் தெரியல. வால்ஷும், நெதர்லாந்துல லைடன் நகரத்துல இருந்த பீட்டர் டோங்கர்ங்கற பேராசிரியரும் சேர்ந்து 1981-ல அந்த நரம்புகள் எந்தப் பாதையில போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. புராஸ்டேட்டுக்கு ரெண்டு பக்கமும், வெளிப்பக்கமா, ஒட்டின மாதிரி போகுது. அதுவரைக்கும் எல்லா சர்ஜனும் தெரியாமலே அதை வெட்டிட்டு இருந்தாங்க. 1982-ல வால்ஷ் அந்த நரம்புகளைத் தெரிஞ்சே காப்பாத்தி ஆபரேஷன் பண்ணார். புராஸ்டேட் ஆபரேஷன்ல நடந்த பெரிய மாற்றம் இதுதான்னு நான் நினைக்கறேன். ரோபோ அதுக்கு அப்புறம்தான். ஆனா ரோபோவுக்குத்தான் வீடியோ வருது.

மேனன் முப்பதுகளின் நடுவுலயே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல சிறுநீரியல் துறைத் தலைவர் ஆயிட்டார். 1997-ல டெட்ராய்ட் நகரத்துல ஹென்றி ஃபோர்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்ப பிரான்ஸ்ல பாரிஸ்ல, வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப் வழியா புராஸ்டேட்டை எடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க. கியோனோவும் வலான்சியனும் அதுல முன்னோடிங்க. மேனன் அவங்களை டெட்ராய்ட்டுக்கே வரவழைச்சுக் கத்துக்க ஆரம்பிச்சார். அப்ப அவருக்கு அம்பது வயசு தாண்டியாச்சு. துறைத் தலைவர், பேர் வாங்கியாச்சு, புதுசா ஒண்ணைக் கத்துக்காம இருந்தாலும் யாரும் கேட்கப் போறதில்ல.

லேப்ராஸ்கோப் ஏன் கஷ்டம்னு நம்ம ஊர்ல சொல்றது சுலபம். படகு விளிம்புல கட்டின துடுப்பை நினைச்சுக்கோங்க. கைப்பிடியை முன்னாடி தள்ளினா பலகை பின்னாடி போகும். கையை மேல தூக்கினா அது கீழ இறங்கும். அந்த மாதிரி நீளக் குச்சியை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, டிவியைப் பாத்துக்கிட்டு, இடுப்பெலும்புக்கு உள்ள, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு சுரப்பியை எடுத்துட்டு, அறுந்த சிறுநீர்க் குழாயை மறுபடி மூத்திரப்பையோட சேர்த்துத் தைக்கணும். குச்சி நுனிக்கு மணிக்கட்டு கிடையாது. பிறவியிலயே கை வாகு இருக்கறவங்களுக்குக்கூட வருஷக்கணக்கா ஆகும்.

அங்கதான் டாவின்சிங்கற ரோபோ வந்தது. ரோபோன்னதும் அதுவே ஆபரேஷன் பண்ணுதுன்னு நினைச்சுக்காதீங்க, தானா ஒரு நூலைக்கூட இழுக்காது. சர்ஜன் கொஞ்சம் தள்ளி ஒரு மேசையில உட்கார்ந்து, கண்ணை வச்சுப் பாக்கறார். உள்ள இருக்கறது பெருசா, ஆழம் தெரியற மாதிரி தெரியும். விரலை எப்படி அசைக்கிறாரோ, உள்ள இருக்கற சின்னக் கருவி அதே பக்கமா அசையும். நுனியில மணிக்கட்டு மாதிரி வளையும். கை நடுக்கத்தை வடிகட்டிடும். துடுப்புப் பிரச்சினை தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். 2000-ல ஜெர்மனியிலயும் பிரான்ஸ்லயும் சிலர் இதை வச்சு புராஸ்டேட் எடுத்துப் பாத்தாங்க. ஆனா அதை ஒரு திட்டமா, தினசரி வேலையா, மத்தவங்க கத்துக்கற மாதிரி முறையா ஆக்கினது மேனனோட டெட்ராய்ட் குழு. ஆந்திராவுல இருந்து போய் அங்க கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தின ராஜ் வட்டிகுட்டி 2001-ல ரெண்டு கோடி டாலர் கொடுத்தார். அதனாலதான் அந்த இடத்துக்கும் அந்த முறைக்கும் வட்டிகுட்டின்னு பேரு. 2007-ல அந்தக் குழு கட்டுரை போட்டப்ப, எண்ணிக்கை 2,766 ஆபரேஷன். 2010-ல இன்னொரு கட்டுரையில 1,384 பேரை அஞ்சு வருஷ அளவுக்குப் பின்தொடர்ந்து பாத்திருந்தாங்க. அஞ்சாவது வருஷத்துல சுமார் 87 சதவீதம் பேருக்கு பி.எஸ்.ஏ. மறுபடி ஏறாம இருந்தது.

வால்ஷ் காட்டின நரம்புகளை இன்னும் கொஞ்சம் அகலமா, ஒரு திரை மாதிரி உரிச்சுக் காப்பாத்தற முறையும் மேனனோடது. அதுக்கு 'அஃப்ரோடைட்டியின் திரை'ன்னு பேரு வச்சார். கிரேக்கக் காதல் தெய்வம். சர்ஜன்களுக்கும் கவிதை வரும்போல.

ஆனா அவரை நான் மதிக்கறதுக்குக் காரணம் வேற ஒண்ணு. ஆபரேஷனுக்கு அப்புறம் சிறுநீர் கசியறதைக் குறைக்க, தையலை ரெண்டு அடுக்காப் போட்டா சீக்கிரம் அடக்க முடியும்னு ஒரு நம்பிக்கை இருந்தது. மேனன் குழு அதை 116 பேர்கிட்ட, குலுக்கல் முறையில ரெண்டு பிரிவாப் பிரிச்சுச் சோதிச்சது. 2008-ல முடிவு வந்தது: சொல்லிக்கற அளவுக்கு வித்தியாசம் இல்ல. அதை அப்படியே வெளியிட்டாங்க. தன்னோட வித்தையைத் தானே தராசுல நிறுத்தி, எடை இல்லன்னு சொல்ற சர்ஜன் எத்தனை பேரு? அப்புறம் 2013 வாக்குல குர்கான்ல மேதாந்தா ஆஸ்பத்திரிக்காரங்களோட சேர்ந்து, ஐஸ் கூழ் வச்சுக் குளிர்ச்சியா வச்சுக்கிட்டே ரோபோ மூலமா சிறுநீரகம் மாத்தி வைக்கற முறையையும் செஞ்சார். அது தனி எபிசோடு போடலாம்.

சரி. இவ்வளவு பெருமையும் சொல்லிட்டு இப்ப அடுத்த பக்கம்.

ரோபோ, பழைய மாதிரி வயித்தைத் திறந்து பண்ற ஆபரேஷனைவிட உசத்தியா? ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் நகரத்துல 326 பேரைக் குலுக்கிப் போட்டு நேருக்கு நேர் பாத்தாங்க. 2016-ல வந்த முடிவு, சிறுநீர் கட்டுப்பாட்டுலயும் தாம்பத்தியத்துலயும் மூணு மாசத்துல பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தப்பவும் அதேதான். ரோபோவுல ரத்தம் கம்மியாப் போகும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அது உண்மையான நன்மைதான். ஆனா வருஷக்கணக்குல என்ன ஆகும்ங்கறது, மேசையில உட்கார்ந்திருக்கற ஆளோட அனுபவத்தைப் பொறுத்தது. அதனால 'ரோபோ இருக்கா'ன்னு கேட்கறதைவிட 'சார், இந்த ஆபரேஷன் நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க'ன்னு கேளுங்க. கேட்கறதுல தப்பே இல்ல.

அரசு ஆஸ்பத்திரியில ரோபோ கிடையாதுன்னும் நினைக்க வேண்டாம். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில 2022-ல சுமார் 35 கோடி ரூபாய் செலவுல ரோபோ அறுவை சிகிச்சை மையம் திறந்தாங்க.

இப்ப முக்கியமான இடம். இந்த ஆபரேஷன், ரோபோவோ கத்தியோ, யாருக்கு? புற்றுநோய் புராஸ்டேட்டுக்குள்ளயே, இல்ல அதை ஒட்டி மட்டும் இருக்கறவங்களுக்கு. வெளியே போய் எலும்புல உட்கார்ந்துட்டா, வீட்டை விட்டுத் திருடன் போனதுக்கு அப்புறம் கதவை மாத்தற மாதிரி. அந்த நிலையில புராஸ்டேட்டை எடுக்கறது வழக்கமான சிகிச்சை இல்ல. எலும்புல ஒண்ணு ரெண்டு இடத்துல மட்டும் பரவியிருந்தா, புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு கொடுக்கறதால ஆயுள் கூடுதுன்னு பிரிட்டன்ல நடந்த ஸ்டாம்பீட் ஆய்வு 2018-ல காட்டிச்சு. அதையும் டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்.

உள்ளயே இருக்கறப்பவும் எல்லாருக்கும் ஆபரேஷன் வேணும்னு இல்ல. பிரிட்டன்ல புரொடெக்ட்னு ஒரு ஆய்வு. பி.எஸ்.ஏ. பரிசோதனையில தெரியவந்த 1,643 பேரை மூணு பிரிவாக்கினாங்க: ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, மூணாவது பிரிவை விடாம கவனிச்சுக்கிட்டு மட்டும் இருந்தாங்க. 15 வருஷம் கழிச்சு 2023-ல பாத்தா, அந்த நோயால இறந்தது மொத்தமே 45 பேர், 2.7 சதவீதம். மூணு பிரிவுலயும் ஏறக்குறைய ஒரே மாதிரி. கவனிப்பு மட்டும் இருந்த பிரிவுல பரவினது ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் ஆரம்ப நிலைன்னு சொன்னா யோசிக்க நேரம் இருக்கு. ஓடிப்போய் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

நம்ம கடற்கரையில பிரச்சினை இதுக்கு நேர் எதிர். இங்க நேரம் எல்லாத்தையும் தாண்டித்தான் வர்றாங்க.

ஏன்? ரெண்டு காரணம், ரெண்டும் உடம்போட அமைப்புலயே இருக்கு. புராஸ்டேட் நடுவுல சிறுநீர்க் குழாய் போகுது. வயசானா அந்தக் குழாயைச் சுத்தி இருக்கற பகுதி வீங்கும். அது புற்றுநோய் இல்ல, சாதாரண வீக்கம், அறுபது தாண்டினவங்கள்ல பாதிக்கு மேல பாக்கலாம். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கறது, நின்னு நின்னு வர்றது, சொட்டு விடறது, எல்லாம் பெரும்பாலும் இதனால. புற்றுநோய் பெரும்பாலும் ஆரம்பிக்கறது வெளி ஓரத்துல, குழாயை விட்டுத் தள்ளி. அதனால ஆரம்பத்துல சிறுநீர்ல ஒண்ணுமே தெரியாது. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. அப்படியே பரவும், அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும்.

இப்ப உப்பளத்துக்கு வாங்க. விடியறதுக்கு முன்னாடி பாத்தியில இறங்கி, குனிஞ்சு உப்பை வாரி, கூடையில தலைச்சுமையாக் கொண்டுபோய் குவியல் போடற வேலை. இருபது வயசுல இருந்து இந்த வேலை பாத்தவருக்கு அறுபத்தஞ்சு வயசுல இடுப்பு வலிக்குதுன்னா யாரு சந்தேகப்படுவாங்க? அவரே சந்தேகப்பட மாட்டார். கடைக்கு வருவாங்க. "தம்பி, இடுப்பு கடுக்குது, போன தடவை கொடுத்த அந்த மாத்திரையே கொடு." சிறுநீர் போக கஷ்டமா இருந்தா "சூடு பிடிச்சிருக்கு தம்பி, அந்த சிரப்பு". வெயில்ல நாள் முழுக்க நிக்கறாங்க, தண்ணி கம்மியாக் குடிக்கறாங்க, நீர்க்கடுப்பு வர்றது நிஜம்தான். அதனாலதான் 'சூடு'ங்கற சொல் எல்லாத்தையும் மூடிடுது. வலிக்கும் காரணம் ரெடி, கடுப்புக்கும் காரணம் ரெடி. இதுக்கு மேல சீசன் வேற. வெயில் காலத்துலதான் கூலி, மழை இறங்கினா வேலை கிடையாது. "சீசன் முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போலாம்." ஒரு சீசன் ஆறு ஏழு மாசம்.

வேலை வலிக்கும் இந்த வலிக்கும் வித்தியாசம் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு, நூத்துக்கு நூறு இல்ல, ஆனா உதவும். வேலை வலி படுத்தா குறையும். இது படுத்தாலும் குறையாது, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பும். வாரத்துக்கு வாரம் கூடும். கூடவே எடை குறையும், சாப்பாடு இறங்காது. அம்பத்தஞ்சு, அறுபது தாண்டின ஆம்பளைக்கு இப்படி நாலஞ்சு வாரமா இருந்தா, மாத்திரை மாத்திப் பாக்கறதை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும். விரல் விட்டுப் பாப்பாங்க, கூச்சப்படற விஷயம் இல்ல, அரை நிமிஷம். ரத்தத்துல பி.எஸ்.ஏ. பாப்பாங்க. பி.எஸ்.ஏ. நாலுக்கு மேல போனா புற்றுநோய்னு அர்த்தம் கிடையாது, சாதாரண வீக்கத்துலயும் சிறுநீர்த் தொற்றுலயும் ஏறும். ஆனா எலும்பு வலியோட நூறு, இருநூறுன்னு வந்தா அது வேற பேச்சு. பயாப்ஸி எடுத்துத்தான் உறுதி பண்ணுவாங்க.

இதைக் கவனமாக் கேளுங்க. இடுப்பு வலியோட கால் மரத்துப்போறது, காலைத் தூக்க முடியாம போறது, திடீர்னு சிறுநீரோ மலமோ நின்னுபோறது அல்லது தெரியாம போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி. நாளைக்குக் காலையில ஓ.பி.ன்னு இருக்கக் கூடாது. முதுகுத்தண்டு நொறுங்கி உள்ள இருக்கற நரம்புக் கத்தையை அழுத்துது. அன்னைக்கே பாத்தா நடக்க வைக்கலாம். ரெண்டு நாள் விட்டா, பல பேருக்குப் போன கால் போனதுதான்.

சரி, பரவிட்டா அவ்வளவுதானா? இல்ல. அந்தப் பொண்ணு மெசேஜ்ல கடைசியில கேட்டதும் அதுதான்.

1941-ல அமெரிக்காவுல சார்லஸ் ஹக்கின்ஸ்ங்கற சர்ஜன், ஆண் ஹார்மோனை நிறுத்தினா புராஸ்டேட் புற்றுநோய் சுருங்குதுன்னு காட்டினார். 1966-ல நோபல் பரிசு வாங்கினார். அந்த ஹார்மோன் பெரும்பாலும் விதைகள்ல இருந்து வருது. அதை நிறுத்த ரெண்டு வழி. மாசத்துக்கு ஒரு தடவையோ மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ ஊசி, காலம் பூரா. இல்லன்னா ஒரே தடவை சின்ன ஆபரேஷன், விதைகளை எடுத்துடறது. பலன் ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆபரேஷன்ல செலவு கம்மி, ஊசிக்காக அலைய வேண்டாம், ஊசி தவறிப்போகுமோங்கற பயம் இல்ல. ஆனா மனசு? "ஆம்பளைத்தனத்தையே எடுத்துடுவாங்களா"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். நேராத்தான் பதில் சொல்லணும்: ஊசி போட்டாலும் தாம்பத்திய ஆசை போகும், ரெண்டுக்கும் அதுல வித்தியாசம் இல்ல. எது வேணும்னு அவரும் அவர் வீட்டம்மாவும் சேர்ந்து முடிவு பண்ணணும். பையன் முடிவு பண்ணக் கூடாது. வலி பல பேருக்குச் சில நாள்லயே குறையும், இதைப் பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

அதோட நிறுத்தறது இப்ப பழைய காலம். 2017-ல லாட்டிட்யூட்னு ஒரு பெரிய ஆய்வு, 1,199 பேர். ஹார்மோன் சிகிச்சையோட அபிராட்டிரோன்னு ஒரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க, மாத்திரை சேர்த்தவங்கள்ல 66 சதவீதம், சேர்க்காதவங்கள்ல 49 சதவீதம். நூத்துக்குப் பதினேழு பேர். ரோபோ வீடியோவுக்குக் கிடைச்ச பேச்சுல பத்துல ஒரு பங்குகூட இந்த மாத்திரைக்குக் கிடைக்கல. நம்ம நாட்டுல நிறைய கம்பெனி இதைத் தயாரிக்குது, விலையும் முன்னைவிட இறங்கியிருக்கு. இன்னொண்ணு, கடைக்காரனா எனக்கு சுவாரசியமான விஷயம். இந்த மாத்திரையை வெறும் வயித்துல நாலு போடணும்னுதான் முறை. சாப்பாட்டோட போட்டா உடம்பு அதை அதிகமா இழுத்துக்கும். அதனால எண்ணெய் அதிகமில்லாத காலை டிபனோட ஒரே ஒரு மாத்திரை, 250 மில்லிகிராம் போட்டாப் போதுமான்னு சிகாகோ பக்கம் 72 பேர்கிட்ட பாத்தாங்க. 2018-ல வந்த முடிவுல பி.எஸ்.ஏ. இறங்கறது நாலு மாத்திரைக்குக் குறையாம இருந்தது. செலவு கால்வாசி. சின்ன ஆய்வுதான், ஆயுளைப் பத்தி அது சொல்லல. ஆனா நாலு மாத்திரை வாங்க வழியில்லாம நிறுத்தற நிலை வந்தா, நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க. நீங்களா குறைக்காதீங்க. கூட ஒரு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பாங்க, அதை விடக் கூடாது. ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பாத்துக்கிட்டே இருக்கணும்.

உப்பளத்து ஆளுங்களுக்குன்னு தனியாச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. ஹார்மோன் நின்னா உடம்பு திடீர் திடீர்னு அனலா அடிக்கும், வேர்த்துக் கொட்டும். பெண்களுக்கு மாதவிடாய் நிக்கும்போது வர்ற மாதிரி. அதோட சதை குறையும், எலும்பு வலு குறையும். ஃபேன் கீழ உட்கார்ந்து கணக்கு எழுதறவருக்கு இது ஒரு தொந்தரவு. மே மாசம் பாத்தியில நின்னு தலைச்சுமை தூக்கறவருக்கு இது எலும்பு முறிவு. ஏற்கெனவே எலும்புல நோய் இருக்கு, அதுல சுமை ஏத்தினா என்ன ஆகும்? அதனால டாக்டர் "என்ன வேலை பண்றீங்க"ன்னு கேட்காட்டியும் நீங்களே சொல்லுங்க: "ஐயா, நான் உப்பளத்துல சுமை தூக்கறேன்." எலும்புக்கு ஊசி, கால்சியம், எந்த வேலை பண்ணலாம் எது கூடாது, எல்லாம் அந்த ஒரு வரியில இருந்துதான் வரும். வீட்டுல சம்பாத்தியத்துக்கு என்ன பண்றதுங்கற கேள்வியும் அங்கதான் ஆரம்பிக்குது. அதுக்கு மருந்துக்கடையில பதில் இல்ல.

எங்க போறது? நமக்கு ஜிப்மர் பக்கம், அங்க புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு இருக்கு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நம்ம மாவட்டம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை. சென்னைன்னா அடையாறு, இல்லன்னா ஓமந்தூரார். முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கையோட கொண்டுபோங்க. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவுன்னு அங்க இருக்கற காப்பீட்டு கவுன்டர்லயே கேளுங்க, வெளியில நிக்கற ஆள்கிட்ட கேட்காதீங்க.

நேரம் ஆகுது, ரெண்டு கேள்விக்குச் சுருக்கமா.

'உப்பளத்துல வேலை பாத்தா புராஸ்டேட் கேன்சர் வருமா?' தெளிவா நிரூபணமானது வயசு, குடும்ப வரலாறு, சில மரபணு மாற்றங்கள். உப்பு அந்தப் பட்டியல்ல இல்ல. மரபணுன்னா, பி.ஆர்.சி.ஏ.2-ன்னு ஒண்ணு, பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வர வைக்கற அதேதான். அதனால அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகத்துலயோ சினைப்பையிலயோ புற்றுநோய் வந்திருந்தா, அந்த வீட்டு ஆம்பளைங்களும் டாக்டர்கிட்ட சொல்லணும். 'அது பொம்பளைங்க சமாச்சாரம்'னு விட்டுடறாங்க.

'எந்தத் தொந்தரவும் இல்ல, பி.எஸ்.ஏ. பாக்கலாமா?' அமெரிக்காவுலயே இதுல மாத்தி மாத்திச் சொல்லியிருக்காங்க. 2012-ல அங்க ஒரு அரசு நிபுணர் குழு வேண்டாம்னு சொல்லிச்சு. 2018-ல, 55-ல இருந்து 69 வயசு வரைக்கும் டாக்டரோட பேசி அவரவர் முடிவு பண்ணிக்கலாம்னு மாத்திச்சு. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ வந்திருந்தா பாக்கறது நல்லதுங்கறது என் கருத்து. எழுபத்தஞ்சு தாண்டின, நல்லா நடமாடிட்டு இருக்கற பெரியவரை மாஸ்டர் செக்கப்னு கூட்டிட்டுப் போய் இந்தக் குழப்பத்துல இழுத்துவிட வேண்டாம்ங்கறதும் என் கருத்துதான்.

கடைசியா ரிப்போர்ட் விஷயம். பி.எஸ்.ஏ. எத்தனைன்னு ஒரு தடவை பாத்தா மட்டும் போதாது, ஏறுதா இறங்குதான்னுதான் டாக்டர் பாப்பார். தேதி வாரியா ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. தயவு செஞ்சு லேமினேஷன் பண்ணாதீங்க, சில ரிப்போர்ட் தாள் சூடு பட்டா கறுத்துப்போயிடும். போட்டோ எடுத்து பொண்ணு போன்லயும் ஒண்ணு இருக்கட்டும்.

அடுத்த வாரம் சிறுநீரகக் கல். உப்பளத்துலயும் படகுலயும் வேலை பாக்கறவங்க உங்க கேள்விகளை வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. பேரு சொல்ல மாட்டேன். வணக்கம்.